பிள்ளை பால் மறுத்த மாதம்

மலைக்கு ரோடு வராத காலம் அது. மூத்தவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் பிள்ளை பால் மறக்கும்வரை புருஷன் வீட்டில் படுக்க மாட்டார். காட்டுப்பன்றியை விரட்ட வேண்டும் என்று சாமைக்காட்டுப் பரணிலேயே இருந்துகொள்வார். பால் கொடுக்கிற உடம்பில் கரு தங்காது என்று பெண்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தீட்டே வரவில்லை. பிறகு எதைக் கொண்டு சந்தேகப்படுவது?

மார்கழியில் ஒருநாள் பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் வீரிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் வயிற்றையே பார்த்து அழுதான். மறுநாளும் அப்படியே. பனி வாசல்வரை வந்து நின்றது; பட்டப்பகலில் வீட்டுக்குள் இருட்டு. அந்த இருட்டில் எனக்குள் ஏதோ புரண்டது.

மாமியாரிடம் சொன்னேன்.

"புள்ள உன்னப் பாக்கலடி. உனக்குள்ள இருக்கறதப் பாக்குது," என்றார். அதன்பின் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

பேயோட்டப் பூசாரி வந்தார். ஊர்க்காரர்கள் வெளியே பனியில் நின்றார்கள். உள்ளே நான், மாமியார், பூசாரி மூன்று பேர்தான்.

"யாரு நீ? எந்த மரத்துல இருந்து வந்தே?"

உடுக்கைச் சத்தம் ஏற ஏற உள்ளே உதை விழுந்தது. மூத்தவன் உதைத்த அதே இடம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரு தங்கியதில் பால் ருசி மாறித்தான் பிள்ளை மறுத்திருக்கிறான்.

பூசாரி சிரட்டையில் கறுப்பாக மருந்தை நீட்டினார். "குடி கண்ணு. உள்ள இருக்கறது ரத்தமா வெளிய போயிரும்."

அந்நிய ஆண்பிள்ளை முன்னால் எனக்கு வாயே வராது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். சிரட்டை உதட்டில் பட்டது.

"அத்தை, ஆவணியில பரணுக்குக் கூழு கொண்டுபோனேனுங்க. மழை புடிச்சுக்கிச்சு. அங்கயே தங்கிட்டேனுங்க."

உடுக்கை நின்றது. மாமியார் சிரட்டையைப் பிடுங்கி அடுப்புச் சாம்பலில் கவிழ்த்தார்.

"புள்ள பால் மறக்கறதுக்குள்ள உங்களுக்கு மழை கேக்குதா? ஊரு சிரிக்கும்டி!" என்று பல்லைக் கடித்தார். பிறகு பூசாரியிடம், "ஏனுங்க, அந்தப் பேயி புள்ளையாப் பொறக்கறேங்குதுன்னு ஊருக்குச் சொல்லீருங்க," என்றார்.

அவரும் வாசலில் போய் அப்படியே சொன்னார்.

மகள் பிறந்தாள். ஊரில் ஒருத்தியும் அவளை மடியில் வாங்கவில்லை. அண்ணன்காரன் அவள் பக்கத்தில் படுக்க மாட்டான். நடந்தது எனக்குத் தெரியும். ஆனாலும், பால் குடிப்பதை விட்டுவிட்டு அவள் என் முகத்தையே உற்றுப் பார்க்கும்போது, விளக்கைக் கொஞ்சம் அருகில் இழுத்து வைத்துக்கொள்வேன்.