பதினெட்டுப் பேருக்கும் பம்பாயில் ஓர் அண்ணன்

சேரப்பணஞ்சேரி கிளியம்மாளுக்கு 1991-இல் இருபத்தெட்டு வயது. பத்தாவது பரீட்சையில் இரண்டு தரம் தவறியவள், கல்யாணமாகி ஒரு பெண்ணுக்குத் தாயானவள். நாற்று நடுவதில் அவளோடு போட்டி போட ஊரில் ஆள் கிடையாது. ஒருநாள் படப்பை பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸைப் பார்த்தாள். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம். பத்தாவது பாஸானவர்களும் வரலாம், ஃபெயிலானவர்களும் வரலாம். ஆனால் இங்கிலீஷில் நாலு வரி எழுதத் தெரிய வேண்டும்.

ஃபெயிலானவர்களையும் கூப்பிடுகிற உலகம் ஒன்று இருக்கிறதா! அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மழையை எதிர்பார்க்காத வேலை. அது மட்டும் கிடைத்துவிட்டால் போதும்.

படப்பையில் சைக்கிள் கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு தாவீது டுட்டோரியல் நடத்தினான். அவனுக்கே பி.ஏ.வில் ஒரு பேப்பர் அரியர்ஸ். தொண்டைக்கு மட்டும் குறைவில்லை. அந்தக் கம்பெனியின் போன மாதத் தேர்வில் 'ஹேவ்' என்ற வினைச்சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள் என்று மோப்பம் பிடித்து வந்து, ஐந்தையும் தானே எழுதிப் போட்டுவிட்டான். கிளியம்மாளோடு சேர்த்துப் பதினெட்டுப் பெண்கள் கூரை அதிரக் கத்தினார்கள். "ஐ ஹேவ் எ கவ்! ஐ ஹேவ் எ பிரதர் இன் பாம்பே! ஐ ஹேவ் எ ரெட் சைக்கிள்!"

"ஒரு எழுத்து மாத்தக்கூடாது. மாத்துனீங்க, போச்சு!" என்றான் தாவீது.

மற்றவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கிளியம்மாளால் முடியவில்லை.

"ஹேவ்னா இன்னா சார்?"

"வச்சிகினு இருக்கறது. மாடு வச்சிருந்தாலும் ஹேவ், ஜொரம் இருந்தாலும் ஹேவ். ஹீ, ஷீ வந்தா ஹேஸ். முன்ன இருந்திச்சின்னா ஹேட்."

"அப்போ அஞ்சாவதுல ஐ ஹேவ் ஈட்டன்னு போட்டுகீறீங்களே, சாப்ட்டத எப்டி சார் வச்சிகினு இருக்கறது?"

தாவீது தலையைச் சொறிந்தான். "அது வேற. இன்னொரு வினைக்கு முன்னாடி வந்து நின்னா, அந்த வேல முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். பின்னாடி 'டு' வந்தா, செஞ்சே ஆவணும். ஐ ஹேவ் டு கோ. போயே ஆவணும்."

கிளியம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. இருக்கிறது, முடிந்துவிட்டது, செய்தே ஆகவேண்டும் என்று நாம் மூன்று பேரை வைத்துச் செய்கிற வேலையை இந்த ஒற்றைச் சொல் ஒண்டியாகச் செய்கிறதே! களை பறிக்கும்போதும் கிணற்றடியிலும் அவள் வாய் ஓயவில்லை. "மாடு எங்க கீது காட்டுடி, பால் கறந்துகினு வர்றேன்" என்று புருஷன் எல்லப்பன் கேலி செய்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர்வில் அதே கேள்வி வந்தது! பதினெட்டுப் பேரும் தலை நிமிராமல் எழுதி முடித்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கிளியம்மாளும் சார் சொன்னபடி எழுத்து மாற்றாமல்தான் எழுதினாள்.

அரை மணி கழித்து, ஆளெடுக்கும் அதிகாரி சுப்பிரமணி பதினெட்டுத் தாளையும் தனியாக எடுத்துக்கொண்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னம்மா இது? பதினெட்டுப் பேருக்கும் பம்பாய்ல அண்ணனா? பதினெட்டு வீட்லயும் ஒரே செவப்பு சைக்கிளா? காப்பி அடிக்கறவங்க எனக்கு வேணாம். கெளம்புங்க."

பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். எல்லோரும் வெளியே போன பிறகும் கிளியம்மாளுக்குக் கால் நகரவில்லை. இந்தப் படியை இறங்கினால் வேலையும் போயிற்று, திருட்டுப் பட்டமும் மிச்சம். வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"சார், நாங்க காப்பி அடிக்கல. ஒண்ணா படிச்சோம், ஒரே மாதிரி எழுதினோம். அதே வார்த்தய வச்சி வேற அஞ்சி எழுதறேன். எழுதிட்டா எல்லாரையும் திரும்பக் கூப்டணும், எழுதலன்னா தொரத்திடுங்க."

சொன்ன பிறகுதான், பதினேழு பேர் பிழைப்பையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது அவளுக்கு உறைத்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "பத்து நிமிஷம்."

பம்பாய் அண்ணன் இனி உதவிக்கு வரமாட்டான். தனக்கு இருப்பதைத்தான் எழுத வேண்டும். என்ன இருக்கிறது? மகள் இருக்கிறாள். ஐ ஹேவ் ஒன் டாட்டர். அட, வந்துவிட்டதே! காலையில் பஸ்ஸை விட்டுவிட்டு மூன்று மைல் நடந்து வந்தாளே, அதுவும் வந்தது. ஐ ஹேவ் வாக்ட் த்ரீ மைல்ஸ். ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். ஐ ஹேவ் டு கோ ஹோம் பிஃபோர் ஃபைவ். நாலாவதுக்குக் கொஞ்சம் தயங்கினாள். உண்மைக்கு என்ன வெட்கம்? இரண்டு தரம் ஃபெயிலானதையும் எழுதினாள். ஐ ஹேவ் ஃபெயில்ட் டூ டைம்ஸ். கடைசி வரிக்குக் கோபமே வந்துவிட்டது. காப்பி அடிக்கவில்லை என்பதைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள். ஐ ஹேவ் நாட் காப்பீட்.

சுப்பிரமணி நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"ஃபெயில்னு எழுதியிருக்கியேம்மா, எந்த சப்ஜெக்ட்ல?"

"இங்கிலீஷ்ல சார்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஓடு, பஸ் ஏறறதுக்குள்ள எல்லாரையும் கூட்டிட்டு வா. மெஷின்ல கை எப்படிப் போவுதுன்னு பாக்கலாம்."

கிளியம்மாள் ஓடினாள். இரண்டு கையையும் தூக்கி வீசினாள். பதினேழு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு பேரை எடுத்தார்கள். பட்டியலில் முதல் பெயர் கிளியம்மாள். சந்தோஷம் தாங்காமல் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, நடவுக்கு ஆள் கூப்பிட முனிரத்தினம் வந்து வாசலில் நின்றார்.

"காலையில வந்துடு கிளி, பெரிய கழனி."

"முடியாதுண்ணே," என்றாள் அவள். சொல்வதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது. "நாளையிலருந்து எனக்கு வேல கீது."