ஒடெஸா இறங்காத குளம்

1971ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் ஒடெஸா டாலிவரை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். கறுப்பின மக்கள் வாழும் பேட்டையான ஹிக்கரிப் பள்ளத்தின் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது காலணிக்குள் புகுந்த கல்லை எடுப்பதற்காக, புல்வெளியின் நடுவே தலைநீட்டிக்கொண்டிருந்த சிமெண்டு விளிம்பின்மீது உட்கார்ந்தேன். காய்கறிப் பையோடு அவ்வழியே வந்த ஒரு பெண் நின்று என்னைப் பார்த்தார்.

"புது டீச்சரா? பாத்து உக்காருங்க. உங்க காலுக்குக் கீழ எட்டடி ஆழம்."

நான் சட்டென்று கால்களை மேலே இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க, முழுக மாட்டீங்க. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. நம்ம பிள்ளைங்க இறங்கினா தண்ணி கறுத்துடுமாம்."

அந்த விளிம்பு நகரத்து நீச்சல் குளத்துடையது. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், நகர நிர்வாகம் லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டது. அலபாமாவில் எங்கள் நகரம் மட்டுமே அப்படிச் செய்தது என்று சொல்வதற்கில்லை.

ஒடெஸாவின் வீடு குளத்துக்கு நேர் எதிரில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது, வேலிக்கு அப்பால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீரில் குதிக்கும் ஓசையைத் தம் வீட்டுச் சன்னலில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவருடைய அண்ணன் வெர்னானுக்கு நின்று கேட்கும் பொறுமை இல்லை. ஆற்றோரத்தில் மணல் அள்ளிய பள்ளத்துக்குப் பிள்ளைகளோடு நீந்தப் போனான், திரும்பி வரவில்லை. அவனுக்கு வயது பன்னிரண்டு. கல்லறையின் அருகிலேயே அவர்களின் தாய் யூலா அம்மாள், ஒன்பது வயது ஒடெஸாவின் கையைத் தம் கையில் வைத்து அழுத்தி, "நான் கண்ண மூடுற வரைக்கும் நீ தண்ணியில கால் வைக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒடெஸாவுக்கு ஆற்றில் ஞானஸ்நானம் நடந்திருந்தது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருடைய குரலே மாறிவிடும்.

"ஒரு நொடிதான் கோரா. போதகர் முக்கினாரு, தூக்கிட்டாரு. கரையில எல்லாரும் பாடிட்டிருந்தாங்க. உள்ள போனதும் அந்தப் பாட்டே கேக்கல. அவ்வளவு அமைதிய நான் அப்புறம் எங்கயும் பாத்ததில்ல. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம் அந்த மனுஷன்."

பகல் முழுவதும் அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். மாலையானதும் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தைத் திறந்துவிடுவார். அந்தக் கூடத்தை அரசு நடத்தவில்லை. பேட்டைப் பெண்களே நடத்தினார்கள். பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகளுக்குச் சோளக்கஞ்சியும் முட்டையும் கிடைக்கும். வேலைக்கு நேர்முகம் போகும் இளைஞர்களுக்காக ஓர் அலமாரி நிறைய வெள்ளைச் சட்டைகளும் கழுத்துப்பட்டைகளும் தொங்கும். ஒடெஸாவே பட்டையைக் கட்டிவிட்டு, "வேல கெடச்சா சட்டையத் தொவச்சுக் கொண்டா. கெடைக்கலன்னா அப்படியே போட்டுட்டு வா, நாளைக்கு வேற எடத்துக்குப் போலாம்" என்பார். பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்று எந்தத் தாய் ஓடிவந்தாலும், அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, வழக்கறிஞரைத் தேடிக் கிளம்பிவிடுவார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் மனம் அந்தப் புல்வெளியிலேயே கிடந்தது. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஆற்றில் மூழ்கிப் போய்விடுவது வழக்கமாகிவிட்டிருந்தது. குளத்தைத் தோண்டித் தாருங்கள் என்று அவர் நகர மன்றத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரோடு துணைக்குப் போய் உட்கார்ந்திருந்தவள் நான். மன்றத்தில் ஆட்கள் மாறினார்கள். அவருடைய கேள்வி மாறவில்லை. கடைசியில் 1997இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். குளத்தைக் காவல் காக்கும் உயிர்காப்பாளர்கள் எட்டுப் பேரை எங்கள் பேட்டையே அடுத்த கோடைக்குள் பயிற்றுவித்துத் தர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகிவிடும்.

நீந்தத் தெரிந்தவர்கள் எங்களிடையே எங்கே இருந்தார்கள்? பக்கத்து ஊர்க் கல்லூரிக் குளத்தில் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் இசைந்தார். ஒடெஸா சனிக்கிழமை பிற்பகலைக் குறித்தார். தேவாலயப் பேருந்து வாசலில் வந்து நின்றது. பையன்கள் மூன்று பேர் ஏறினார்கள். பெண்பிள்ளை ஒருத்திகூட வரவில்லை. வருவதாகச் சொன்னவர்களைத் தேடிக்கொண்டு தெருவில் நடந்த ஒடெஸா, லவெர்னின் அழகு நிலையத்தின் கதவைத் திறந்தார். நானும் பின்னால் போனேன்.

அத்தனை பெண்பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். ஞாயிறு ஆராதனைக்காக ஒருத்தியின் சுருள்முடியைச் சூடான சீப்பால் நேராக நீட்டிக்கொண்டிருந்தார் லவெர்ன். தண்ணீர் பட்டால் அது மறுபடியும் சுருண்டுவிடும். மற்றவர்கள் தாய்மாரோடு வரிசையில் காத்திருந்தார்கள்.

"வாங்க அக்கா. நீங்க தேடுற ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க."

"பஸ் நிக்குது லவெர்ன். ஏன் ஒருத்தரும் வரல?"

"காலையிலேருந்து நான் நீட்டி வச்ச முடிய மத்தியானம் தண்ணியில முக்கச் சொல்றீங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஞாபகம் இல்லியா?"

சாயங்கால ஜெபத்திலிருந்து சவ அடக்கம் வரை பேட்டையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் அறிந்தவர் ஒடெஸா. இது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் வரிசையிலிருந்த ஒரு தாய். "விக்கு வச்ச தலைக்கு வெள்ளியும் ஒண்ணுதான், சனியும் ஒண்ணுதான்."

கடையே குலுங்கியது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஒடெஸாதான். தேவாலயத்துக்கு அவர் பதினைந்து ஆண்டுகளாகப் பொய்முடியோடுதான் வந்துகொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, நீயே சொல்லு. எந்தக் கெழமை?"

"வியாழன். புதன் சாயங்காலம் எல்லாத்தையும் கூடத்துக்கு வரச் சொல்லுங்க. நான் வந்து இறுக்கப் பின்னிவிடுறேன். ஒரு மாசத்துக்குத் தண்ணி ஒண்ணும் பண்ணாது."

"அதுக்கு என்ன வாங்குவ?"

"என் மகளையும் சேத்துக்குங்க, போதும்."

அதன்பின் புதன்கிழமை மாலைகளில் எங்கள் கூடம் முழுவதும் சீப்பும் எண்ணெய் மணமுமாக இருந்தது. வசந்தம் முடிவதற்குள் ஒன்பது பேர் தேர்வு பெற்றார்கள். அவர்களில் ஆறு பேர் பெண்கள். லவெர்னின் மகள் முதலாவதாக வந்தாள். மண்ணைத் தோண்டி எடுத்தபோது பழைய நீல ஓடுகள் உடையாமல் கிடந்தன. 1998இன் கோடையில் குளம் நிரம்பியது.

அன்று முதல் ஒடெஸா தினமும் கரையில் உட்கார்ந்திருந்தார். துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நானும் நீரில் இறங்கியவள் அல்லள். பிள்ளைகள் நீருக்குள் மூழ்கி எழுந்து வந்தால், "உள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். "குளிரா இருந்துச்சு" என்றோ "நல்லா இருந்துச்சு" என்றோ சொல்லிவிட்டு அவர்கள் ஓடிவிடுவார்கள். அது அவருக்குப் போதவில்லை என்பதை நான் கண்டேன்.

ஒருநாள் அவர் காலணிகளைக் கழற்றிவிட்டுப் படியருகே போய் நின்றார். எதிர் வீட்டுச் சன்னல் திறந்தது. யூலா அம்மாளுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்பார்வை மட்டும் மங்கவில்லை.

"ஒடெஸா, நான் இன்னும் கண்ண மூடல."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒடெஸாவும் சிரித்துக்கொண்டே காலணிகளை மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டுப் பாரேன்" என்று நான் சொன்னேன். "ஒத்துக்குவாங்க."

"ஒத்துக்குவாங்க கோரா. அதனாலதான் கேக்கல. சரின்னு சொல்லிட்டு, நான் கரையேறுற வரைக்கும் அந்தச் சன்னலப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. வெர்னான் வருவான்னு அப்படி நின்னு பாத்தது போதாதா?"

யூலா அம்மாள் தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்தார். மகள் அவரைக் குறை ஏதுமின்றிப் பார்த்துக்கொண்டார். 2011இன் மே மாதத்தில் அவரை வெர்னானின் அருகில் அடக்கம் செய்தோம். அதற்கடுத்த வாரம் ஒடெஸா கருநீல நிறத்தில் ஒரு நீச்சலுடை வாங்கிவந்து, வெட்கத்தோடு என்னிடம் விரித்துக் காட்டினார். எழுபத்திரண்டு வயதில் அந்த வெட்கம் அவருக்கு அழகாக இருந்தது. லவெர்ன் வந்து அவருடைய நரைமுடியைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னிவிட்டார். குளம் திறக்க மூன்று நாள்கள் இருந்தபோது ஒடெஸா சமையலறையில் விழுந்தார். பக்கவாதம் வலப்புறத்தை எடுத்துக்கொண்டது, இதயமும் தளர்ந்துவிட்டது. இனிக் குளிர்ந்த நீர் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

உயிர்காப்பாளர்கள் எல்லோருமாக வீட்டுக்கு வந்து அவருடைய கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஒரு முறை நீரில் இறக்கிவிட்டு உடனே வெளியே எடுத்துவிடுகிறோம் என்றார்கள்.

"காப்பியில முக்கி எடுக்க நான் என்ன பிஸ்கட்டா?" என்றார் ஒடெஸா. வார்த்தைகள் குழறின, கேலி குழறவில்லை. "வேணாம் கண்ணுங்களா. என் காலாலயே இறங்கணும்னுதான் இத்தன வருஷம் உக்காந்திருந்தேன்."

அவர்கள் போய்விட்டார்கள். எதிரில் குளத்தில் பிள்ளைகள் குதிக்கும் ஓசை கேட்டது. நான் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது ஒடெஸா இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"நீ எறங்கு கோரா. பிள்ளைங்களக் கேட்டா ஓடிருதுங்க. நீ போயி, தல முழுக உள்ள போயி, கொஞ்ச நேரம் இருந்துட்டு வா. உள்ள எப்படி இருந்துச்சுன்னு வந்து எனக்குச் சொல்லு. அவசரப்படாமச் சொல்லு."