கல்லுக்கு ஏற்றிய குளுக்கோஸ்

நாத்தனாரைப் பெண் பார்க்க எளாவூரிலிருந்து ஆட்கள் வருவதற்குள் முன் அறையிலிருக்கும் கண்ணாடித் தொட்டி போய்விட வேண்டும் என்று என் மாமியார் சொன்னார். போகாது என்று நான் சொன்னேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கோட்டைக்குப்பத்தில் ஒரு மருமகள் மாமியாரிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. நான் சொன்னேன்.

தொட்டியில் இருந்தது ஒரு கல். கடலுக்கு அடியில் இருக்கும் கல் தரையை எங்கள் ஆட்கள் பார் என்பார்கள். என் கணவரின் வலை ஒருநாள் அந்தப் பாரில் சிக்கி, உள்ளங்கை அகலத்துக்கு உயிருள்ள பவளம் ஒட்டிய கல்லோடு மேலே வந்தது. பகலில் அது வெறும் கல். பொழுது சாய்ந்ததும் அதன் குழிகளிலிருந்து மாநிற விரல்கள் நீளும். அதை முதன்முதலாகப் பார்த்த மாலையில், இது என் வீட்டில்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். கூட இரண்டு சின்ன மீன்களும் சில நத்தைகளும் இருந்தன.

கடைசியில் மாமியார் ஒரு கெடு வைத்தார். "உசுரோட இருந்தா இருந்துட்டுப் போவட்டும். செத்து வெளுத்துப் போச்சுன்னா, அவங்க வர்ற அன்னிக்குக் காலைல நானே ஏரில கவுத்துடுவேன்."

அவர் கண் கூர்மையானது. கல்லின் ஓரம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது. நத்தைகளின் ஓடும் சொரசொரத்து மெலிந்து வந்தது.

நான் அப்போது பழவேற்காட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை பார்த்தேன். பால் கக்கும் குழந்தைகளுக்குச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்துக் கொடுப்போம். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு சிப்பியைச் சுட்டு எடுப்பது. ஓட்டுக்கு வேண்டியது ஓட்டில்தானே இருக்கும் என்று நினைத்தேன். தொட்டியில் தினமும் ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதில் அந்தத் தெளிநீரை ஒரு தம்ளரில் எடுத்து ஊற்றினேன். மீன்கள் வெறிபிடித்தாற்போல் ஓடி மேலே வந்து வாயைப் பிளந்தன. மருந்து சரி, கொடுத்த வேகம் தப்பு. சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதற்கு ஒரு பாத்திரம் வேண்டும்.

முதலில் கணவர் கடலுக்குக் கஞ்சி கொண்டுபோகும் அலுமினியத் தூக்கை எடுத்தேன். சுண்ணாம்பு அதை அரித்துக் கறுப்பாக்கிவிட்டது. மறுநாள் படகில் அவர் கஞ்சி ஒழுகியது.

"இன்னாமே, புருசனுக்கு ஓட்டத் தூக்கு, கல்லுக்கு மருந்தா?" என்றார்.

"கல்லு எங்கிட்ட கஞ்சி கேக்கலியே" என்றேன்.

அடுத்தது மண்பானை. வாய் அகலமாக இருந்ததால் காற்றுப் பட்டு, பாலில் ஆடை படிவதுபோல நீரின் மேல் வெள்ளை ஏடு படிந்தது. அந்த ஏட்டில் போனதெல்லாம் கல்லுக்குக் கிடைக்காத சுண்ணாம்பு. செம்பு, பித்தளைப் பக்கம் நான் போகவே இல்லை. நத்தைகளுக்கு அது விஷம். எனவே வாய் குறுகிய ஒரு பிளாஸ்டிக் கேன் வாங்கி, அடியில் துளையிட்டு ரப்பர் குழாய் செருகினேன். இடுக்கில் கசிந்தது.

கசிவைப் பார்த்ததும் என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்று நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், படகுப் பலகை இடுக்கில் கலப்பத்து அடிப்பதுபோலப் பஞ்சையும் எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தையும் வைத்து அடைத்துவிட்டார். "நம்ம கலப்பத்து. கடலே உள்ள வராது, இது எங்க வெளிய போவும்?" என்றார். ஒரு சொட்டுகூடக் கசியவில்லைதான். ஆனால் குழாய் வழியே இறங்கிய எண்ணெய் தொட்டி முழுக்க வானவில்லாகப் பரவி நின்றது. மீன்கள் மூச்சுக்குத் தவித்தன. செய்தித்தாளைத் தாள் தாளாக நீரின் மேல் விரித்து எடுத்து, எண்ணெயை ஒற்றி எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் பழவேற்காட்டில் பழைய பாட்டில் விற்கும் பாயிடம் போனேன். ஆஸ்பத்திரிகளில் குளுக்கோஸ் வரும் கண்ணாடி பாட்டில் கேட்டேன்.

"இதுல எண்ணெ ஊத்தி விக்கிறவன் கீறான், சாராயம் ஊத்தி விக்கிறவன் கீறான். கல்லுக்கு ஏத்தறவள இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார். ஆனாலும் மூடியின் ரப்பர் வெடிக்காத பாட்டிலாகத் தேடித்தான் கொடுத்தார்.

கண்ணாடியைச் சுண்ணாம்பு தின்னாது. ரப்பர் மூடியில் குழாயும், காற்றுக்கு ஓர் ஊசியும். சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயிலேயே சின்னச் சக்கரம். வண்டல் இறங்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், வேறு பாட்டிலில் தெளியவைத்த நீரை மட்டும் ஊற்றினேன். தொட்டிக்கு மேல் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

தெருவே பார்க்க வந்தது. "இன்னாமே, உங்கல்லுக்கு வாந்திபேதியா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"இல்லக்கா, உன் வாயப் பாத்து பயந்துடுச்சு."

மாமியாரின் கோபம் வேறு. விளக்கு வைத்த பிறகு சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்தால் லட்சுமி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்பார்கள். நான் வேலையிலிருந்து திரும்புவதே விளக்கு வைக்கும் நேரம். அதன் பிறகுதான் பாட்டிலைத் திறப்பேன்.

"சுண்ணாம்பு போவுதுடி!"

"எங்க போவுது அத்தே? இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கம் போவுது. வூட்டுக்குள்ளதான கீது?"

அவர்கள் வரும் நாள் வந்தது. காலையில் மாமியார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கல் மூடிக் கிடந்தது. ஓரத்து வெளுப்பு மேலும் பரவாமல் நின்றிருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"செத்துப்போச்சு" என்று தொட்டியின் ஒரு முனையைப் பிடித்தார்.

மறுமுனையை நான் பிடித்தேன். "பொழுது சாஞ்சாதான் பூக்கும். கவுக்கணும்னா என்னையும் சேத்துக் கவுங்க."

தண்ணீர் நிறைந்த தொட்டி ஒருவர் கைக்கு அசையாது. கையை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

விருந்தாளிகளின் பேருந்து தாமதித்தது. அவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் விளக்கு வைத்தாயிற்று. ஒருநாள் சொட்டு விடாவிட்டால் கல் செத்துவிடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்காக ஒளித்தால் அப்புறம் என்றைக்கும் ஒளிக்க வேண்டியிருக்கும். எல்லோரும் பார்க்க எழுந்துபோய்ப் பாட்டிலை மாட்டிச் சக்கரத்தைத் திருப்பினேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "இன்னாம்மா அது?"

"சுண்ணாம்புத் தண்ணி."

"வெளக்கு வச்சப்புறமா?" அவர் என்னிடம் கேட்கவில்லை, என் மாமியாரைப் பார்த்துக் கேட்டார்.

மாமியார் தலை நிமிர்ந்தது. "எங்க போவுது? இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கம் போவுது. வூட்டுக்குள்ளதான கீது?"

அந்த அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கல்லின் ஓரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

அவர்கள் போன பிறகு மாமியார் தம்ளர்களை அடுக்கியபடியே சொன்னார்: "வெளியாளுங்ககிட்ட வுட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். நாளைக்கு எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

"தெரியும்" என்று விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

மறுநாள் பாட்டிலைக் கழுவி, தெளிந்த நீரை ஊற்றி, அதே ஆணியில் மாட்டினேன்.