நாற்பது இறுவட்டுகளும் ஒரு மனுவும்

எங்கள் பணிப்பாளருக்குக் கணினியில் தெரிந்தது அதை நிறுத்தும் பட்டன் மட்டும்தான். ஆனால் தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய கணினிகள் கொடுக்கும் எங்கள் கண்டி அலுவலகத்தில் கடைசிப் பேச்சு அவருடையது. யுத்தம் மும்முரமாக நடந்த காலம். கணினியில் செருகியவுடன் லினக்ஸ் இயங்குதளம் தமிழில் எழும்பும் இறுவட்டுகளை, அதாவது சீடிகளை, செய்வது என் வேலை.

அதற்கொரு கருவி இருந்தது. என் கணினியை அப்படியே படியெடுத்து இறுவட்டாக்கும். பிறருக்குக் கொடுப்பதென்றால் என் சொந்தக் கோப்புகளை விட்டுவிடச் சொல்ல வேண்டும். எனக்கென்றால் முழுவதையும் சேர்க்கலாம்.

கொழும்பில் பிடிபட்ட தம்பியைப் பார்க்க நான் தடுப்பு முகாம் வாசலில் நின்ற அன்று, பணிப்பாளரே கருவியில் கைவைத்துவிட்டார். நான் திரும்பும்போது நாற்பது இறுவட்டுகள் ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்விட்டன.

"உந்த ஒரு பட்டனை அமத்த உமக்கு ஒரு கிழமையோ?" என்றார் பெருமையாக. "முழுவதும் எண்டதைத்தான் அமத்தினனான். குடுக்கிறதெண்டால் குறை வைக்காமல் குடுக்க வேணும்."

கலியாணப் பந்தியில் பரிமாறுகிற நினைப்பு மனுசனுக்கு. அந்த முழுவதில் தம்பிக்காக நான் மனித உரிமை அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவும் இருந்தது. ஒரு நண்பர் சிங்களத்தில் எழுதித் தந்தது. தம்பியின் பெயர், அவனை அடித்த அதிகாரிகளின் பெயர், எல்லாம் அதில். அது அந்த அதிகாரிகளின் கையில் கிடைத்தால் உள்ளே இருப்பவனை என்ன செய்வார்களோ. பணிப்பாளரிடம் சொன்னேன்.

"புதுசா அடிச்சுக் குடும், சரிதானே," என்றார். அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. "ஓம் சேர்," என்றுதான் வாயில் வந்தது. நானும் பெரிய வீரன்தான்.

ஒரு கிழமை, ஏழு நாளும், பஸ் ஏறி இறங்கி முப்பத்தொன்பதைத் திரும்ப வாங்கி உடைத்தேன். பெரும்பாலானவை உறைகூடப் பிரிக்கப்படாமல் பாடசாலை அதிபர்களின் அலுமாரிகளில் பத்திரமாக இருந்தன. எங்கள் சேவையின் இலட்சணம் அது.

கடைசிப் பாடசாலையில் ஓர் இளம் ஆசிரியை மட்டும் இறுவட்டைத் தரத் தயங்கினார்.

"அந்த மனுவுல உள்ளது உங்க தம்பியா சார்?" என்றார். "எங்க அண்ணனையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. சிங்களம் கொஞ்சம் வாசிப்பேன், எழுதிக் குடுக்கத்தான் இங்க யாரும் இல்ல. உங்களோடதப் பாத்து, பேர மட்டும் மாத்தி அனுப்பிட்டேன்."

இறுவட்டைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"உங்களுக்குப் பதில் எத்தன நாள்ல வந்துச்சு சார்?"

ஒரு வருடமாக எனக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

"கொஞ்ச நாள் செல்லும் டீச்சர்," என்றேன்.