கட்டிலுக்கடியில் இருந்த மண்

வாளியக்கா என்ற பேரை நான் முதலில் கேட்டது ஓடுகிற பேருந்தில். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெருக்கதை பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க தெருவுல ஒரு வாளியக்கா இருக்காங்கடி. பழத்தோலையும் பாலித்தீன் பையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டேன்னு வை, அவ்வளவுதான். பையைப் பிரிச்சு நம்ம வாசல்லயே வச்சு, 'இது உங்க வீட்டுதுதானே'ன்னு கேப்பாங்க."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? உள்ள என் மாமியாரோட மாத்திரை அட்டை கிடக்கே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் இறங்கிய நிறுத்தத்தில்தான் நானும் இறங்கினேன். என் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, என் அம்மாவின் கடைசித் தங்கை மகன். ஆனாலும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். அவன் செத்து, வந்த சனம் கலைந்த பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. முட்டிவலி ஒரு பக்கம், பிள்ளைகள் வீட்டுப் பாடு ஒரு பக்கம்.

தெருமுனையில் ஒரு பெண் இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தாள். "பேரை எடுத்தா ஆளே வந்தாச்சு" என்று பேருந்துப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வாளியக்கா என் தம்பி பெண்டாட்டி.

எனக்கு அது நம்புகிற சங்கதியாகவே இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளில் அவள் வாயைத் திறந்து பேச மாட்டாள். உப்பு இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, உப்பில்லாமலே ஆக்கிப் போடுவாள். யார் மனசும் நோகக் கூடாது, யாருக்கும் தன்னால் தொந்தரவு கூடாது, அதுதான் அவள் குணம். வீட்டிலேயே உட்கார்ந்து கிழிசல் தைத்தும் பேன்ட்டைக் குட்டையாக்கியும் கொடுப்பாள். மிஞ்சின துணியில் தலையணை உறை தைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அடுத்தவர் வாசலில் நின்று குப்பைக்குச் சண்டை போடுகிறாள் என்றால்?

"வாங்க அண்ணி" என்றாள். சிரித்தாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

தெரு மாறியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முனையில் ஒரு குப்பைமேடு இருக்கும், அதற்குத் தீ வைத்து விடுவார்கள், புகையில் துணி காயப்போட முடியாது. இப்போது அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு கதவிலும் பழைய திரைச்சீலையில் தைத்த பை ஒன்று தொங்கியது. கடைக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் இவள் தைத்தது. ஒரு வாளியில் சமையல் கழிவு, இன்னொரு வாளியில் காய்ந்த இலை, சருகு. மக்கி மண்ணாகட்டும் என்று கொல்லையில் கொண்டுபோய் அடுக்கு அடுக்காகப் போட்டு, குச்சியால் கிளறி விட்டால் அந்தக் குவியலில் இருந்து ஆவி எழும்பியது. கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வேகுது" என்றாள், அடுப்பில் இருப்பதைச் சொல்கிற மாதிரி.

"எதுக்கும்மா உனக்கு இவ்வளவு மண்ணு? இருக்கிறது நாலு பூந்தொட்டி."

"வேணும் அண்ணி."

சாயங்காலம் இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து, வெங்காயத் தோலில் கிடந்த ரப்பர் வளையங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வெளிச்சம் மங்கியது. சட்டென்று அவள் கை நின்றது. தலையைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"கேக்குதா அண்ணி?"

டொக், டொக் என்று ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்து மெக்கானிக் பட்டறையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, வரும்போது அந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தது.

"காத்தும்மா" என்றேன். அவள் ரப்பர் வளையங்களைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டாள்.

படுக்கப் பாய் எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அவள் கட்டிலுக்கடியில் சுவரோடு சுவராகச் சாக்குகள், வாய் தைத்த சாக்குகள். தையல் அவள் கைத்தையல்தான், பொடிப் பொடியாக.

"பரவாயில்லையே, அரிசி நிறைய வாங்கிப் போட்டிருக்கே."

"அரிசி இல்லை அண்ணி. மண்ணு."

மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். என் தம்பியின் சட்டையில் அடிக்கிற வாசனை அடித்தது.

அவள் கட்டிலின் மேல் உட்கார்ந்து சொன்னாள். என் தம்பி பெயின்டர். வேலை விட்டு வந்ததும் பிரஷ்களைப் பெயின்டைக் கரைக்கிற தின்னரில் அலசுவான். அலசியதை முதலில் வாசல் சாக்கடையில்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டம்மா ஒருநாள், "பிள்ளைங்களுக்குத் தலை சுத்துதுப்பா" என்றாளாம். கோபமாகக்கூட இல்லை. இவளுக்கு அதுவே தாங்கவில்லை. "பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஊத்துங்களேன், அங்க யார் வீட்டு ஜன்னலும் இல்ல" என்று இடம் காட்டினது இவள். அன்றிலிருந்து அவன் உயிரோடு இருந்தவரைக்கும் அங்கேதான். அவன் எதையும் மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. ஊற்றி முடித்ததும் டப்பாவைக் கவிழ்த்துச் சுவர் விளிம்பில் டொக், டொக் என்று தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டால் இவள் அடுப்பில் இருப்பதை இறக்குவாள். குளித்துவிட்டுச் சாப்பிட வந்துவிடுவான் என்று அர்த்தம்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு வெற்று நிலம். அதை ஒட்டித் தெருவுக்குப் பொதுவான கிணறு.

"ஒருநாள் வாளியில தண்ணி மேல கலர் கலரா மிதந்துது அண்ணி. பிள்ளைங்க கை தட்டிச்சு, அழகா இருக்குன்னு. அது எங்க இருந்து வந்துதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா வாயைத் திறக்கலை. அப்புறம் குழாய்த் தண்ணி வந்துடுச்சு. பிள்ளைங்க விழுந்துடப் போகுதுன்னு கிணத்தைச் சிமென்ட் பலகை போட்டு மூடிட்டாங்க. விட்டுது சனின்னு இருந்தேன்."

பிறகு என் தம்பிக்கு நெஞ்சு கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு நின்ற பிறகும் அவன் விரல் மட்டும் கட்டில் இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்ததாம். அவனை அடக்கம் செய்து வந்த வாரத்திலேயே, வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் எழுந்து போய் அடுப்பை அணைத்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் ஒரு புல் இல்லை. மழை பெய்தால் குட்டையில் கலர் ஏறி வந்தது. மண்வெட்டி எடுத்து வெட்டினாள். வெட்டின பள்ளத்துக்கு நல்ல மண் வேண்டுமே, அதற்குத்தான் வாளியைத் தூக்கினாள். தெருவே திருந்தியது அந்தப் பள்ளத்தால்தான். நிரப்பினாள், அடுத்த மழையில் மறுபடியும் கலர். இன்னும் ஆழமாக வெட்டினாள்.

"வெட்டின மண்ணை எங்கேயாவது தூரமா கொட்டிட வேண்டியதுதானே?"

"எங்க அண்ணி கொட்டுவேன்? எங்க கொட்டினாலும் அது யாரோ ஒருத்தருக்குப் பின்சுவர்தான்."

மகள் வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இதை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? சாக்கின் மேலேயே படுத்துக் கிடந்தாள். தெருவில் யாராவது இருமினால் அவள் முகம் செத்துவிடும்.

இது இப்படியே இருந்திருக்கும். ஆனால் நான் ஊர் திரும்பின பிறகு மழை பொய்த்தது. குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு குடம் முட்டிக்கொண்டது. அந்தத் தெருச் சங்கத் தலைவருக்கு 'மைக்கு' என்று பேர். தனியாக ஒரே ஆளிடம் பேசினாலும் மைக்கில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். அவர்தான் சொன்னார், "நம் காலடியில் தங்கச் சுரங்கம் இருக்கும்போது லாரிக்காக ஏங்குவதா? கிணற்றைத் திறப்போம்!" எல்லாரும் சரி என்றார்கள்.

தகவல் தெரிந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேருந்து பிடித்து ஓடினேன். நான் போனபோது அவள் தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டா அவர் பேரு என்ன ஆகும் அண்ணி? இந்தத் தெருவுல எல்லா வீட்டுச் சுவரும் அவர் அடிச்ச பெயின்ட். 'நல்ல மனுஷன்'னு இன்னைக்கும் சொல்றாங்க. அந்த ஒரு பேரு தவிர எனக்கு என்ன விட்டுட்டுப் போனார்?"

"சொல்லலைன்னா?"

"குடிச்சுடுவாங்க."

சொல்லிவிடு என்று நானும் சொல்லவில்லை. செத்தவன் என் தம்பி.

மறுநாள் காலை கடப்பாறை போட்டுப் பலகையை நெம்பினார்கள். மெக்கானிக்தான் முன்னால் நின்றான், வாட்டசாட்டமான ஆள். பலகை நகர்ந்தபோது உள்ளே இருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. கிணறு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மைக்கு முதல் வாளியைத் தானே இறைத்தார். "கண்ணாடி! கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள்!" என்று கையில் அள்ளினார்.

"குடிக்காதீங்க."

அவ்வளவு பெரிய குரல் அவளுக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கூட்டம் விலகியது. அவள் வந்து கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஊற்றினது அவர், இடம் காட்டினது நான் என்று சொன்னாள். அழவில்லை.

முதலில் எதிர்வீட்டம்மாதான் ஆரம்பித்தாள். "ஏம்மா, ஒரு முட்டை ஓட்டை மாத்திப் போட்டதுக்கு என் வாசல்ல நின்னு மானத்தை வாங்கினியே. நீ ஒரு கிணத்தையே வச்சுக்கிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தியா?"

"தண்ணி நல்லாத்தானே இருக்கு, புருஷன் போனதுல புத்தி கலங்கிடுச்சு" என்றது வேறொரு குரல்.

மைக்குவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் இறங்கியது. "இருங்க, வாளியைப் பாருங்க" என்றார்.

வெயிலில் வைத்த வாளியில், அசைவு அடங்கிய தண்ணீரின் மேல், ஓரத்திலிருந்து மெல்ல ஒரு நிறம் பரவியது. நீலம், ஊதா, ஒரு கீற்று மஞ்சள். அன்றைக்குப் பிள்ளைகள் கை தட்டின அதே அழகு. இத்தனை காலம் மூடிக் கிடந்தும் அது போகவில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பலகையைத் தூக்கி வைக்க அவன் வரவில்லை.

அன்று சாயங்காலமும் அவள் வாளியோடு போனாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். திரைச்சீலைப் பைகளைச் சில வீடுகளில் கழற்றி விட்டார்கள். நான் அவளோடு தங்கியிருந்தேன். கொல்லைக் குவியல் ஆறிப்போனது. கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பின்சுவர்ச் சத்தம் மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

பிறகு ஒரு விடியலில் வாசல் பெருக்கக் கதவைத் திறந்தவள், "அண்ணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

வாசலில் டப்பாக்கள். கறுத்த எண்ணெய் நிரம்பிய பெரிய கேன் ஒன்று, மூடி இறுக்கித் திருகியது. பழைய பேட்டரிகள், மிச்சம் வைத்த பூச்சிமருந்துப் பாட்டில், முடிக்குப் போடுகிற சாயம், உடைந்த டியூப்லைட். யார் வைத்தது என்று ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் கேனில் பதிந்திருந்த கை ரொம்பப் பெரிய கை. எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்து நின்றது.

"இத்தனையும் எங்க போய்க்கிட்டு இருந்துது அண்ணி?" என்று கேட்டாள். கிணற்றுப் பாவம் அவளுடையது மட்டும் இல்லை. ஒருவரும் அதை வாயால் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

மைக்கு எங்கெங்கோ பேசி, விஷக்கழிவு எடுக்கிற வண்டியை வரவழைத்தார். டப்பாக்களை ஏற்றினார்கள். சாக்குகளை மெக்கானிக் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். கடைசிச் சாக்குக்கு அவள் கூடவே போய் வண்டிக்காரரிடம் கேட்டாள்.

"இதை எங்க கொண்டு போவீங்க?"

"ஊருக்கு வெளியேம்மா. சிமென்ட் தொட்டி கட்டி, அதுக்குள்ள போட்டு மூடிடுவாங்க. ஒண்ணும் ஆகாது."

"அதுக்குப் பின்னாடி யார் வீடு இருக்கு?"

வண்டிக்காரர் சாவியைத் திருகினார்.

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன, ஒன்றும் நடக்காத மாதிரி. எதிர்வீட்டம்மா தோலைத் தனியாக, முட்டை ஓட்டைத் தனியாக வைத்து, "எடுத்துக்கோ" என்றாள், அவ்வளவுதான். வாசலில் டப்பா வைப்பதும் நிற்கவில்லை. வண்டி இப்போது மாதம் தவறாமல் வருகிறது. கிணற்றுப் பலகை மூடியே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் போட்ட புது மண்ணில் புல் வந்திருக்கிறது, சுவரை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு மட்டும் வரவில்லை.

மகள் இன்னும் கூப்பிடுகிறாள். இவள் போகவில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறாள். பேருந்தில் நான் பார்த்த அந்தப் பெண்தான் இப்போது வாளியைத் தூக்குகிறாள், இவள் குவியலைக் கிளறி விடுகிறாள், பகலில் கிழிசல் தைக்கிறாள். வெளிச்சம் மங்கினால் எழுந்து போய் அடுப்பில் இருப்பதை இறக்கி வைக்கிறாள். கட்டிலுக்கடியில் இப்போது ஒன்றும் இல்லை.