பத்துக் கோழியும் ஒரு பயோலஜி டீச்சரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியதை உங்களில் யாராவது கண்டிருக்கலாம். அது நான்தான். முப்பது வருஷம் டை கட்டி வங்கியில் வேலை பார்த்தவன்... நம்புவீர்களா?

ஏழு வாரத்துக்கு முன் தொடங்கிய கூத்து இது. பென்ஷன் எடுத்த மனிதனுக்கு இணைய வீடியோ ஆகவே ஆகாது. வீட்டிலேயே இறைச்சிக் கோழி வளர்ப்பது எப்படி என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொன்னார். மூன்றாம் நாள் பத்து புரொய்லர் குஞ்சுகளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி மாலா பயோலஜி டீச்சர். பிறவிச் சைவம் — முட்டைகூடத் தொடமாட்டாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"வளர்க்கிறது சரி. ஆர் வெட்டுறது?"

"நான்தான்!" என்றேன். உள்ளங்கையளவு மஞ்சள் குஞ்சுக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்?

பின்வளவில் கூடு, தரையில் மரத்தூள், சூட்டுக்கு ஒரு பல்ப். காலையில் பிளேன்டீயோடு பக்கத்தில் போய் உட்காருவேன். நான் கதைப்பேன், அவை தின்னும். வங்கியில் நடந்த எந்த மீட்டிங்கும் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை!

ஆறாம் வாரம் எல்லாம் நல்ல எடை. "இந்த ஞாயிறு" என்றாள் மாலா. எனக்குத் தலையிடி வந்தது. அடுத்த நாள் மழை வரும்போல இருந்தது. அதற்கடுத்த நாள்... காரணம்கூட மறந்துவிட்டது.

அப்படியே ஒரு வாரம் போனது. ஒருநாள் காலை ஒரு கோழி எழும்பவில்லை. உடம்பு பெருத்து, கால் தாங்கவில்லை. நெஞ்சால் ஊர்ந்து ஊர்ந்து தீன் தட்டுக்குப் போகப் பார்த்தது. மாலா அதைத் தூக்கித் தண்ணீர்ப் பாத்திரத்துக்குக் கிட்ட வைத்தாள்.

"கெதியாக் கொழுக்கிறதுக்கெண்டே வந்த இனம் இது. இனி நாளுக்கு நாள் நோகும். உங்களுக்கு மனம் வரேல்லை எண்டதுக்கு அதுகள் ஏன் வருத்தப்படவேணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே போய், கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காவுக்குக் கோல் எடுத்து, குடும்பத்தோடு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னேன். இனித் தப்ப வழியில்லை!

சனி பின்னேரமே தீனை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தோம். காலையில் பக்கத்து வீட்டு நிசாம் நானா — துணிக்கடை வைத்திருப்பவர் — கத்தியோடு வந்தார். "அறுக்கிறது நான். புடிச்சித் தாறது நீங்க, தம்பி."

கால் ஏலாத கோழியைத்தான் முதலில் எடுத்தேன். சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்தது. நானா அதைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பி, இறைவன் பெயரால் பிஸ்மி சொன்னார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தம்பி, கண்ணத் தொறங்க. முடிஞ்சி."

இரண்டாவது கோழிக்கு என் பிடி தளர்ந்தது விளங்கியிருக்க வேண்டும். ஒரே உதறல்! கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குப் போய்விட்டது. அந்தக் கொழுத்த உடம்போடு அது ஓட, இந்தக் கொழுத்த உடம்போடு நான் ஓட... கடைசியில் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. சிங்கள டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அங்கிள், மே குகுலா ஒயாகெத?" உங்கட கோழியா என்று கேள்வி!

"மகே தமய்" என்றேன், குந்தியிருந்து மூச்சு வாங்கியபடி. என்னுடையதுதான், ஐயா.

மாலா தீன் டின்னைக் கொண்டுவந்து ஒருதரம் குலுக்கினாள். கோழி வெளியே வந்து நேரே அவள் கைக்குப் போனது. அவள் அதன் முதுகைத் தடவியபடியே நானாவிடம் கொண்டுபோனாள். முகம் மாறவில்லை. நடை மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

நானா அதை அறுத்து முடிப்பதற்குள், நான் முதல் கோழியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இறகோடு தோலையும் உரித்து வைத்திருந்தேன்.

"தள்ளுங்கோ" என்றாள். கையுறை போட்டாள். குசினியிலிருந்து தெர்மோமீட்டர் வந்தது. "அறுபத்தஞ்சு பாகை. அதுக்கு மேல வேண்டாம்." இறகு கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது! பிறகு கத்தி. "இது இரைப்பை. இது ஈரல். இந்தப் பச்சை, பித்தப்பை — உடைஞ்சா இறைச்சி கைக்கும்."

நானும் நானாவும் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். நானா உண்மையாகவே கையை உயர்த்தினார்.

"டீச்சர், நுரையீரல் எங்க ஈக்குது?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கத்தி கைநழுவாதது புண்ணியம்.

பதினொன்றரைக்குப் பத்தும் ஐஸில் கிடந்தன. "உமக்கு அருவருப்பாயில்லையா?" என்று கேட்டேன்.

"சாப்பிடத்தான் மாட்டன். பார்க்கமாட்டன் எண்டு எப்ப சொன்னனான்?"

ஐம்பது வருஷமாக மச்சம் மாமிசம் சாப்பிடுகிற நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு நாளும் சாப்பிடாதவள் கண்ணைத் திறந்துகொண்டு செய்து முடித்தாள். வீட்டில் யார் தைரியசாலி என்று இனி நீங்கள் கேட்கக்கூடாது.

இரண்டு மணிக்கு அக்கா குடும்பமும் நானாவுமாக மேசை நிறைய ஆட்கள். கறி நானே வைத்தது. என் சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டேன். ஒரு கறித்துண்டை எலும்பில் ஒன்றும் மிஞ்சாமல் அவ்வளவு மரியாதையாக நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அக்கா விரலைச் சூப்பிக்கொண்டு நிமிர்ந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

"தம்பி, உண்மையாச் சொல்லுறன்... அப்பிடியே கடைக் கோழி மாதிரியே இருக்கு!"

மாலா சிரித்துச் சிரித்துக் கதிரையில் சரிந்துவிட்டாள். நானாவுக்குப் புரைக்கேறியது.

ஏழு வாரம் பாடுபட்டவனுக்கு இதைவிடப் பெரிய சேர்ட்டிபிக்கேட் வேறு கிடைக்குமா, சொல்லுங்கள்?