அக்காவிடம் மிச்சமிருக்கும் சூடு

காவலாளியின் முகத்தை ஆராய்ந்துகொண்டே பள்ளிக்குள் நுழைகிறார் எங்கள் கெமிஸ்ட்ரி சார். அப்புறம் கிளார்க்கின் மேசைப் பக்கம் ஒதுங்கி, "காலையில உங்களுக்கு எவ்வளவு திட்டு விழுந்துச்சு?" என்று ரகசியமாக விசாரிக்கிறார். தலைமையாசிரியையிடம் லீவு கேட்கலாமா, வேண்டாமா என்பதற்கான கணக்கு அது. நேராக உள்ளே போய்க் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் மனுஷனுக்கு நேர் வழி என்றாலே அலர்ஜி.

நான் பக்கத்து மேசைச் சரித்திர வாத்தியார். எனக்கும் ஒருநாள் பாடம் நடத்தினார். "கரியைப் பாதி மட்டும் எரிச்சு அந்தச் சூட்டை அளக்க முடியுமா சார்? முடியாது. கொஞ்சமாவது முழுசா எரிஞ்சு தொலைக்கும். அதனால, முழுசா எரிஞ்சா எவ்வளவு சூடுன்னு பாருங்க. பாதி எரிஞ்சது மீதியும் எரிய எவ்வளவுன்னு பாருங்க. ரெண்டாவது சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுக் கூட்டுங்க. கேட்டது கைக்கு வந்துடும்." உடனே மேசையைத் தட்டி, "திருப்பினா பிளஸ் மைனஸாகும், மைனஸ் பிளஸாகும்!" என்றார். இதை மறக்கும் பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் கூடக் கிடையாது. அந்த இடத்தில் மட்டும் அவர் கல்நெஞ்சக்காரர்.

இப்போது கரியின் இடத்தில் அவருடைய அக்கா. சாரின் வீட்டுக்கு நேர் மேலே, மாடி வீட்டில் இருக்கிறார். அக்காவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்க அக்கா ஒரு வெப்ப உமிழ் வினை" என்று அறிமுகம் செய்தார். யாருக்கும் புரியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். "அதாவது, பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சுடும்" என்று விளக்கமும் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்கே குடிபோகிறார். அதற்குள் சமாதானமாக வேண்டுமே என்று தம்பிக்குத் தவிப்பு. பாவம், சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

"படியேறிப் போய் மன்னிப்புக் கேளுங்களேன்" என்றேன்.

"அக்கா கோபம் பாதியில நிக்காது சார். மிச்சம் எவ்வளவுன்னு தெரியாம போனா நான் சாம்பல்."

ஆகவே, அக்காவின் மொத்தக் கோபம் எவ்வளவு இருக்கும் என்பதைச் சின்ன வயது அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அதில் அக்கா வீட்டுக்காரர் தலையில் எவ்வளவு இறங்கியது என்று அந்த அப்பாவியை வாசலில் மடக்கிக் கேட்டார். "நேத்து முழு அர்ச்சனை மச்சான். இன்னைக்கும் குறைவில்ல" என்றார் அவர். கேட்டதையெல்லாம் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கணக்குப் போட்டார் சார். விடையைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று.

"கொதிக்குது சார். கிட்டவே போக முடியாது."

சனிக்கிழமையும் வந்துவிட்டது. ஸ்பெஷல் வகுப்பு முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு தாளில் சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டு, "திருப்பினியே, மைனஸ் எங்கடா?" என்று உறுமினார். பேனா அப்படியே நின்றது. சட்டைப்பையிலிருந்த தன் கணக்கை எடுத்துப் பார்த்தார். அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கழிக்காமல் கூட்டி வைத்திருந்தார். மறு பேச்சில்லாமல் தனக்கே ஒரு முட்டை போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சார், வண்டியை எடுங்க."

மாடிக் கதவு திறந்தே கிடந்தது. அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் கூடமெங்கும் அட்டைப்பெட்டிகள்.

"அக்கா, கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சு. மாமா ஏற்கெனவே நிறைய வாங்கிட்டதால உன் கோபம் இப்ப ரொம்பக் கம்மியாத்தான்..."

"மாடி ஏறி வர்றதுக்குக் கணக்கு போட்டியா? தெனமும் கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்டா" என்றார் அக்கா. "வாயை மூடிக்கிட்டு வந்து இதுல விரலை வை."

பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சார் ஓடிப்போய் முடிச்சில் விரலை வைத்தார். அக்கா இழுத்துக் கட்டிய வேகத்தில் விரலும் கயிற்றுக்குள் சிக்கிக்கொண்டது.

"எடுடா விரலை."

சார் எடுக்கவில்லை.